நீர்க்கோயிலும் புகையானும்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் நெல் விவசாயிகளின் சங்கத்துக்குச் 'சுபக்' என்று பெயர். ஒவ்வொரு சுபக்கும் ஒரு நீர்க்கோயிலைச் சேர்ந்தது. தண்ணீர் விடுவது, நடுவது, தரிசு போடுவது எல்லாம் கோயில் பூஜை முறைப்படியே நடந்து வந்தன.

1970-களில் அதிக விளைச்சல் ரகங்கள் வந்தன. முறை பாராமல் இயன்றபோதெல்லாம் நடுமாறு விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. வயலுக்கு வயல் பயிரின் வயது மாறிற்று. புகையானும் துங்ரோ நோயும் ஓயாமல் தாக்கின.

மானிடவியல் அறிஞர் ஸ்டீபன் லான்சிங், சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து 172 சுபக்குகளின் பாசனத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்த்தார். அவரவர் விருப்பப்படி நட்டால் பூச்சி பெருகியது. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் போதவில்லை. அண்டை சுபக்குகள் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, ஒருசேரத் தரிசு விடும் கோயில் முறையே கூடுதல் மகசூல் தந்தது. தரிசுக் காலத்தில் பூச்சிக்கு இரை இல்லை.

தலைமடைக்காரர் கடைமடைக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்? நம் ஊரிலும் தீராத வழக்கு இது. தண்ணீர் பிந்தினால் கடைமடை நடவு பிந்தும். அங்கே பெருகும் பூச்சி தலைமடைக்கே வந்து சேரும். பாலியின் தலைமடை விவசாயிகள் தண்ணீர்ப் பற்றாக்குறையைவிடப் பூச்சிக்கே அதிகம் அஞ்சுவதை லான்சிங் கண்டார்.