காய்ந்த துணிக்குள் தங்கியிருக்கும் நீர்

வெயிலில் நன்றாகக் காய்ந்த பருத்தி வேட்டியும் முழுக்க உலர்ந்ததல்ல. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 7 முதல் 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நீர் இழை இடுக்குகளில் வெறுமனே தேங்கி நிற்பதல்ல; இழையின் செல்லுலோஸ் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்பது. இதற்குச் சாட்சி அகச்சிவப்பு நிறமாலை. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு தன் அதிர்வுக்கு ஏற்ற அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது. ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையால் அந்தக் கதிரை அளக்கிறார்கள். தனித்த நீராவி மூலக்கூறில் 3,700-ஐ ஒட்டி நிகழும் உறிஞ்சல், ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்பட்டதும் 3,400-க்கு அருகே இறங்கி அகன்றுவிடுகிறது. பிணைப்பு வலுக்க வலுக்க இறக்கமும் கூடும்.

செல்லுலோஸிலும் இதே ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் உண்டே, எது நீர், எது இழை என்று எப்படிப் பிரிப்பது? கேள்வி நியாயமானது. நீர் மூலக்கூறு கத்தரிக்கோல் போல மடங்கி விரியும் அதிர்வு 1,640-ஐ ஒட்டித் தெரியும். தூய செல்லுலோஸுக்கு அங்கே உறிஞ்சல் இல்லை. இன்னொரு வழி கனநீர். அதன் ஆவியைச் செலுத்தினால், நீர் எட்டும் இடங்களில் ஹைட்ரஜனுக்குப் பதில் கனநீரிலுள்ள கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியம் அமர்ந்து, உறிஞ்சல் 2,500 பக்கம் நகர்கிறது. செல்லுலோஸ் நெருக்கமாக அடுக்கப்பட்ட படிகங்களின் உட்பகுதியோ பெரும்பாலும் மாறுவதில்லை. ஆக, நீர் தங்குவது படிகங்களின் பரப்பிலும் ஒழுங்கற்ற பகுதிகளிலும்தான். பருத்தி வியர்வையை உறிஞ்சினாலும் நீரில் கரையாமல் நிலைப்பதற்கு அந்தப் படிகக் கட்டுக்கோப்பே முக்கியக் காரணம்.