தார் ரோட்டில் தவித்த ராட்சத லாரி!

ஆற்றில் நீந்தும். சேற்றில் ஓடும். மேடு, பள்ளம் என்று பார்க்காது. ஆனால், வழவழப்பான தார் ரோட்டில் நெடுந்தூரம் ஓடினால், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் கெட்டுப்போகும்!

இப்படியும் ஒரு லாரி உண்டா?

உண்டு. அதன் பெயர் "ஸ்டால்வார்ட்". இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் இருந்த ஆல்விஸ் கம்பெனி, 1960-களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இதைச் செய்தது. மொத்தம் ஆறு சக்கரங்கள். 5 டன் சுமை ஏற்றலாம். 8 சிலிண்டர் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் பெட்ரோல் என்ஜின்.

டிரைவர் நடுவில் உட்காருவார். அவர் ஏறி இறங்கக் கதவு கிடையாது. கதவு வைத்தால், ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் புகுந்து விடும் அல்லவா? கூரையில் உள்ள திறப்பு வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும்.

சூடு மிதிக்கும் மாடுகள்

களத்தில் மாடுகளைப் பிணைத்துச் சூடு மிதிக்க விடுவதைப் பார்த்து இருப்பீர்கள். உள்ளே நிற்கும் மாடு மெல்ல நடக்கும். வெளி ஓரத்து மாடு எட்டி நடை போட வேண்டும். அதற்குத்தான் தூரம் அதிகம்.

வண்டி திரும்பும்போதும் இதே கதைதான். வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு "டிபரன்ஷியல்" என்று பெயர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அது மட்டும் வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். லாரி நகராது.

குண்டுக்கும் பெட்ரோலுக்கும் வீரர்கள் போர்முனையில் காத்து இருக்கும்போது, லாரி சேற்றில் நின்றால் என்ன கதி?

ஒரே கட்டு!

ஆகவே, என்ஜினீயர்கள் வேறு வழி கண்டார்கள். ஸ்டால்வார்ட் லாரியில் ஒரே ஒரு டிபரன்ஷியல்தான். அது இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவே இருக்கிறது. அங்கிருந்து இருபுறமும் சக்தி பிரிந்து, பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட இரும்புத் தண்டுகள் வழியே சக்கரங்களுக்குப் போகிறது. பார்த்தால் "எச்" என்ற ஆங்கில எழுத்துப் போல இருக்கும்.

ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மூன்றும் ஒரே கட்டு. ஒன்று சுழன்றால் மூன்றும் அதே வேகத்தில் சுழல வேண்டும். ஒன்று சேற்றில் வழுக்கினாலும், மற்ற இரண்டும் இழுத்துக்கொண்டு போய்விடும். குறுக்கே அச்சு கிடையாது. அதனால் அடிப்பாகம் படகு போல மட்டமாக இருக்கும்.

இதே அமைப்புக் கொண்ட "சாரசன்" என்ற கவச வண்டி, ஒரு சக்கரத்தை இழந்த பிறகும் ஓடக்கூடியது!

முறுக்கு ஏறியது

வினை தார் ரோட்டில் வந்தது.

வண்டி வளையும்போது, ஒரே பக்கத்தில் உள்ள முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் உருளுவது இல்லை. ஒரு டயரில் காற்றுக் குறைந்தாலும் கணக்கு மாறும். சேற்றில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரி செய்துகொள்ளும். தார் ரோடு டயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வழுக்க விடாது.

மாடுகளின் கால்களை ஒரே இரும்புக் கம்பியில் கட்டி, வட்டமாக நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஈரத் துணியைப் பிழிவது போல, தண்டுகளில் முறுக்கு ஏறும். மைல் கூடக் கூட முறுக்கும் கூடும். டயர் தேயும். சக்கரத்துக்குச் சக்தியைத் திருப்பிவிடும் பல்சக்கரப் பெட்டிகள் சூடேறிப் பழுதாகும்.

டிரைவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ரோட்டோரக் கல்லின் மேல் வண்டியை ஏற்றி இறக்குவார்கள். அல்லது மண்ணில் இறக்கி ஓட்டுவார்கள். சக்கரம் ஒரு கணம் தரையை விட்டால் போதும். முறுக்கு அவிழ்ந்து விடும்!

இதை என்ஜினீயர்களின் தவறு என்று சொல்வது நியாயம் அல்ல. சாதாரண ராணுவ லாரிகளில், டிபரன்ஷியலைச் சேற்றில் பூட்டவும் ரோட்டில் திறக்கவும் வசதி உண்டு. ஸ்டால்வார்ட் பிறந்தது ரோடு இல்லாத இடத்துக்காக. அதை ரோட்டில் நூறு மைல் ஓட்டியதுதான் கோளாறு.

ராணுவம் இந்த லாரிகளைக் கைவிட்டு வெகு காலம் ஆகிறது. பழைய வண்டிகளைச் சேர்ப்பவர்கள் சிலர் ஆசையோடு வாங்கி வைத்து இருக்கிறார்கள். அவர்களில் பலர், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் போகும் தண்டுகளைக் கழற்றி விட்டார்கள். இப்போது நடுச் சக்கரங்கள் இரண்டுதான் வண்டியை இழுக்கின்றன. மற்ற நான்கும் சும்மா உருளுகின்றன.

முறுக்கு ஏறுவது இல்லை. ஆனால், சேற்றில் இறங்க வேண்டுமானால், கழற்றிய தண்டுகளைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும்!