மலை விடுதியில் மின்சாரக் கார்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் வெளிமாநிலத் தமிழர் பலர் இப்பொழுது தம்முடைய மோட்டாரிலேயே வருகிறார்கள். பெங்களூரிலிருந்து சேலம், கோயமுத்தூர் வழியாக வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காடு செல்வோர் உண்டு. போடிநாயக்கனூரிலிருந்து மூணாற்றுக்கு ஏறுவோரும், கம்பத்திலிருந்து குமுளிக்குச் சென்று தேக்கடியில் இரண்டு நாள் தங்குவோரும் உண்டு. இவர்களிற் சிலருடைய வண்டி பெட்ரோலில் ஓடுவதன்று, மின்கலத்தில் ஓடுவது. அத்தகைய வண்டியை இந்த எல்லைப்புற மலைகளில் இரவு எங்கே கட்டுவது, அதற்குத் தீனி எங்கே கிடைக்கும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தீனி என்றது வேடிக்கைக்காக அன்று. பழைய சத்திரங்களில் வழிப்போக்கனுக்குச் சோறு இருந்தது போலவே அவனுடைய மாட்டுக்கு வைக்கோலும், கல்தொட்டியில் தண்ணீரும் இருந்தன. பெட்ரோல் வந்தபின் அந்தப் பொறுப்பு விடுதிக்காரரை விட்டு நீங்கிற்று. சாலையோரத்துப் பங்க் அதை ஏற்றுக்கொண்டது. மின்சார வண்டியோ அதை மீண்டும் விடுதி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. பெட்ரோல் ஐந்து நிமிஷத்தில் நிரம்பும். மின்கலம் நிரம்ப மணிக்கணக்காகும். வண்டி மணிக்கணக்காக நிற்கும் இடம் நாம் உறங்கும் இடந்தானே?

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். சிறிய மின்சாரக் கார் ஒன்றின் மின்கலம் சுமார் 30 யூனிட் கொள்ளும். வீடுகளில் இஸ்திரிப் பெட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் வைக்கிறோமே, அந்தப் பதினைந்து ஆம்பியர் பவர் பிளக், மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் கொடுக்கும். மாலையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சத்துடன் வந்து சேரும் வண்டி, இரவு எட்டு மணிக்கு மாட்டினால் விடியற்காலைக்குள் அடுத்த நாட்பயணத்துக்கு ஆயத்தமாகிவிடும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் பெட்டியானால் மூன்று நான்கு மணி போதும். நெடுஞ்சாலைகளில் உள்ள விரைவு மின்னேற்ற நிலையங்கள் ஒரு மணிக்குள் வேலையை முடிப்பவை. அவை அவசரத்துக்கு உதவும். இரவு தங்குகிறவருக்கு அந்த வேகம் தேவையே இல்லை. விடுதி முதலாளிகள் இலட்சக்கணக்கிற் செலவழித்துப் பெரிய இயந்திரம் வைக்க வேண்டுமோ என்று தயங்குகிறார்கள். விருந்தினர் கேட்பது அவ்வளவு பெரிதன்று.

ஆனால் மலை என்பது சமவெளி அன்று. போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலே வந்துவிடுகிறோம். நான்கு பேரும் சாமான்களும் கொண்ட வண்டியின் எடை சுமார் 1,700 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் நான்கரை யூனிட்டுக்கு மேல் ஆகும். நஷ்டத்தையும் சேர்த்தால் ஐந்தரை எனலாம். சமவெளியில் அதே மின்சாரம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டும். ஆகையால் கார் முகப்பில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண்ணை அடிவாரத்தில் நம்பிவிடக் கூடாது. தேனியிலோ போடியிலோ சற்று நின்று நிரப்பிக்கொண்டு ஏறுவதே விவேகம்.

இறங்கும்போது இதற்கு நேர்மாறு. கால் மிதியை விட்டதும் மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தைத் தடுத்துக்கொண்டு மின்கலத்துக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. பிரேக் கட்டைகள் சூடேறாமற் காப்பாற்றுவதும் இதுவே. ஆனால் மின்கலம் விளிம்புவரை நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. அந்தத் தடுப்பும் குறைந்துபோகும். காட்டு மாடும் மூடுபனியும் குறுக்கிடும் மலைச்சாலையில் அது பழகாத கைக்கு அபாயம். மலை விடுதியில் தொண்ணூறு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று சொல்வது இதனாலேதான். சமவெளிக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

இனி விடுதியின் நிலைமையைப் பார்ப்போம். சென்ற ஆண்டு எல்லையோர மலையூர் ஒன்றில் சிறிய விடுதியில் தங்கினேன். மின்னேற்ற வசதி உண்டா என்று கேட்டதற்கு, "தாராளமா மாட்டிக்கலாம் சார்" என்று முகமலர்ச்சியோடு சொன்னார்கள். வரவேற்பறையிலிருந்து ஒரு நீட்டிப்பு ஒயர் வந்தது. விடிந்து பார்த்தால் வண்டியில் பதினெட்டுப் பங்குதான் இருக்கிறது. ஒயர் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. "ராத்திரி தண்ணி மோட்டார் போட வேண்டியிருந்துச்சு சார், ரெண்டையும் லைன் தாங்காது" என்றார் காவற்காரர். பெரியகுளத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் மட்டுமன்றிப் பந்தியும் முடிந்திருந்தது. அந்த மனிதர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் பிடுங்காமல் விட்டிருந்தால், அந்த மெல்லிய ஒயர் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டி அரை மணி ஓடும். வண்டியோ எட்டு மணி நேரம் இடைவிடாமல் முழு மின்சாரத்தை இழுக்கும். தளர்ந்த பிளக்கும் மெல்லிய நீட்டிப்பு ஒயரும் அவ்வளவு நேரம் சூட்டைத் தாங்கமாட்டா. எண்ணெய்ப் பசையுள்ள சமையற்கட்டு ஓரத்திலோ மரத்தாற் கட்டிய குடிலிலோ இது நெருப்பாக முடியக்கூடும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரம் இல்லாத சுவர் ஏது? எனவே வண்டிக்கென்று மின்பலகையிலிருந்து தனி ஒயர், தனி சர்க்யூட் பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் உடனே அறுத்துவிடும் பாதுகாப்புக் கருவி, முறையான எர்த் ஆகியவை வேண்டும். பழைய தோட்ட பங்களாக்களை விடுதியாக மாற்றிய இடங்களில் எர்த் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. அது சரியில்லையானால் பல வண்டிகள் மின்சாரத்தை ஏற்கவே மறுத்துவிடும். விருந்தினர் வண்டி பழுதென்று நினைப்பார், விடுதிக்காரர் பிளக் பழுதென்று நினைப்பார்.

பெரிய ரிசார்ட்டுகளுக்கு வேறு தொல்லை. பத்து வண்டிகள் ஒரே சமயத்தில் 7 கிலோவாட் வீதம் இழுத்தால் 70 கிலோவாட் ஆகிறது. பல விடுதிகளின் மொத்த அனுமதிச் சுமையே அவ்வளவு இராது. எல்லா வண்டிக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடோ, முறைவைத்து மாட்டும் பழக்கமோ இருந்தால் சுமையைப் பெருக்காமலே சமாளிக்கலாம்.

மின்சாரத்தை விருந்தினருக்கு விற்பது சட்டவிரோதமாகுமோ என்ற தயக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி வினியோகத்துக்கு உரிமம் வேண்டும் அல்லவா? 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம், வண்டிக்கு மின்னேற்றுவது ஒரு சேவையே, மின்சார விற்பனை அன்று, அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே விடுதிக்காரர் நியாயமான கட்டணம் வாங்கலாம். இலவசம் என்று சொல்லிவிட்டு நள்ளிரவில் பிடுங்குவதைவிடக் கட்டணம் வாங்கிக்கொண்டு காலைவரை கொடுப்பது மேல்.

இந்த மலைகளில் மின்சாரத்துக்குத் தவிப்பது விந்தைதான். இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் தோன்றிற்று. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கித் திட்டத்தின் மூலமற்ற நிலையம் 780 மெகாவாட் திறனுடையது. மூணாறு வட்டாரத்தில் மின் வினியோக உரிமம் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியிடமும் இருக்கிறது. அங்கே சுமையைக் கூட்ட விரும்பும் விடுதிக்காரர் தம் இடம் யாருடைய வினியோகத்தில் அடங்குகிறது என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பித்தொட்டிலில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிய காலமும் ஒன்று இருந்தது. மலையில் பாரம் ஏற்றி இறக்குவது அன்றும் சுலபமாக இருந்ததில்லை.

கேரள மின்வாரியம் 2021இல் கோழிக்கோட்டில் மின்கம்பங்களிலேயே மின்னேற்றப் புள்ளிகளைப் பொருத்தத் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை அமைத்தது. ஆட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அவை ஏற்றவை. வாரியம் வேறொன்றும் செய்திருக்கிறது. மின்னேற்ற நிலையங்களுக்குக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை குறைந்த விலை, மற்ற நேரத்தில் கூடுதல் விலை. பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கிறது. மாலையிலோ வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. தேக்கடியில் படகேறவும் மறையூரில் கற்திட்டைகளைக் காணவும் விடுதி ஜீப்பில் செல்கிற விருந்தினர், தம்முடைய காரை அந்தப் பகல் வேளையிலேயே மாட்டிவிட்டுப் போகலாம். இரவு முழுவதும் விழித்திருந்து ஒயரைப் பார்க்கவும் வேண்டாம்.

பாலக்காட்டுப் பக்கம் கவலை குறைவு. கணவாய் வழி சமதரை, கோயமுத்தூர் அருகில், நெடுஞ்சாலையில் நிலையங்கள் உண்டு. நென்மாறையைக் கடந்து போத்துண்டி அணைக்கு மேல் நெல்லியாம்பதிக்கு ஏறுவோர்தாம் முன்யோசனையோடு செல்ல வேண்டும். பறம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்குச் சாலை நம் ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. அது வனவிலங்குகளின் இருப்பிடம். பொள்ளாச்சியிலேயே போய்வரும் அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.

அறையைப் பதிவு செய்யும்போது தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வண்டிக்கென்று தனிப் பிளக் இருக்கிறதா? கார் நிற்கும் இடத்துக்கும் பிளக்குக்கும் எத்தனை அடி? மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் வண்டிக்கும் கொடுப்பார்களா? மலையாளம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்து வருகின்றன; மறுமுனையில் பேசுகிறவர் அவர்களுள் ஒருவராகவே இருக்கக்கூடும். பிளக் எங்கே இருக்கிறது என்பதோடு, அது நல்லதா என்பதையும் அவரே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.