போட்ட உடனே ஓடவேண்டுமா?

"உபுண்டுவில் மரியாடிபி டேட்டாபேஸை இன்ஸ்டோல் பண்ணினேன் அண்ணன், நான் சொல்லாமலே ஓடத் தொடங்கிட்டு. அதையே ஃபெடோராவில் போட்டால் சும்மா கிடக்குது. எது பிழை?" கல்லடியில் தேத்தண்ணி ஆறுவதற்குள் தம்பி ஒருவர் கேட்டது.

ரெண்டும் பிழையில்லை தம்பி. டெபியன் லினக்ஸும் அதன் வழிவந்த உபுண்டுவும், பாவிக்கத்தானே போடுகிறார்கள், ஓடட்டும் என்று நினைக்கின்றன. ரெட் ஹாட், ஃபெடோரா பக்கமோ, போட்டவரே ஓட்டவும் சொல்லட்டும் என்று விட்டுவிடும்.

இதற்குள் ரெண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. இப்போதே ஓடுவதற்கு 'ஸ்டார்ட்'. மெஷின் எழும்பும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடுவதற்கு 'இனேபிள்'. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, ஸ்டார்ட் மட்டும் கொடுத்த சேவை அப்படியான நாளில் கரண்ட் திரும்பினாலும் எழும்பாது. டெபியன்காரர் ரெண்டையும் செய்துவிடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் 2003 ஜனவரி 25இல் பரவிய ஸ்லாமர் என்ற கணினிப் புழுவைப் பாருங்க. மைக்ரோசொஃப்டின் எம்எஸ்டிஈ என்ற சின்ன டேட்டாபேஸ், வேறு மென்பொருட்களோடு ஒட்டி வந்து பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் கணினியில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யார் திருத்தம் போடுவார்? பத்து நிமிடத்துக்குள், அகப்படக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் புழு பிடித்துவிட்டது.

ஓடுவது வேறு, வெளியே வாசலைத் திறப்பது வேறு. மட்டக்களப்பு வாவி நிரம்பினாலும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று ஆட்கள் கூடிப் பேசித்தானே முடிவெடுக்கிறார்கள்? உபுண்டுவில் 'சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி' என்று அடித்துப் பாருங்க. மரியாடிபிக்கு நேரே 127.0.0.1:3306 என்று இருக்கும். அந்தக் கணினிக்குள் மட்டும்தான் பேசும். அதே இடத்தில் 0.0.0.0 என்று கண்டால் எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கிறது. 2017 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மொங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுக் கப்பம் கேட்டது இப்படிக் கடவுச்சொல்லும் இல்லாமல் திறந்து கிடந்ததால்தான்.

என்னைக் கேட்டால், கணினிக்குள்ளேயே அடங்கியது தானாக ஓடட்டும், குடி முழுகாது. வலையமைப்பில் காது வைப்பது, போட்டவர் அமைப்புக் கோப்பைப் பார்க்கும்வரை காத்திருக்கட்டும். இதில் நான் ஃபெடோரா கட்சி.

டெபியனிலும் வழி இருக்கிறது. இன்ஸ்டோலுக்கு முன்னர் யூஎஸ்ஆருக்குள் இருக்கும் எஸ்பின் அடைவில் 'பாலிசி-ஆர்சி.டி' என்று, 101 என்ற விடையைத் திருப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, இயங்கும் அனுமதியும் கொடுத்துவைத்தால் சேவை அப்போது ஓடாது. இனேபிள் மட்டும் அப்படியே விழும், அதைத் தனியாக டிசேபிள் பண்ணவேண்டும். வேலை முடிந்ததும் அந்த ஸ்கிரிப்டை அழித்துவிடுங்க. இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் புதுப் பதிப்பு டிஸ்க்கில் இருக்கும், ஓடிக்கொண்டிருப்பது பழையதாகவே இருக்கும்.