கொடுத்தான், விட்டுக்கொடுத்தான்: ஆங்கில இறந்தகால வினையும் அதன் பின்வரும் சிறுசொற்களும்

ஆங்கிலத்தைப் பிழையறப் பேசவும் எழுதவும் வேண்டும் என்னும் வேட்கை நம் மாணாக்கரிடையே மிகுந்துள்ளது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் எனச் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் காணப்படும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிப் பலகைகளே அதற்குச் சான்று. இத்தகைய பயிற்சிக்கெனக் கடைகளில் விற்கும் கையேடுகளில் தவறாது இடம்பெறுவது ஒரு நீண்ட பட்டியல். வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘இன்’, ‘அவுட்’, ‘அவே’ முதலான சிறுசொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடர்கள் அதில் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்த மாணவன் அதனை மனனம் செய்ய முயல்கிறான், பாதியில் சோர்கிறான், தனக்கு ஆங்கிலம் வாராது என்று முடிவும் கட்டிவிடுகிறான். அம்முடிவு தவறானது. அவன் அறிந்த தமிழ் இலக்கணமே அப்பட்டியலின் பெரும்பகுதியைத் திறக்கும் திறவுகோல் என்பது நம் கருத்து.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையின் பின் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இவ்வழக்கே அயல்மொழியாளர்க்குப் பெரும் இடர் தருவது என்று அதன் முன்னுரையில் குறித்துள்ளார்.

‘கொடு’ என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். ‘கொடுத்தான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கேவ்’. ‘கேவ் பேக்’ என்றால் திருப்பிக்கொடுத்தான். ‘கேவ் இன்’ என்றால் விட்டுக்கொடுத்தான். ‘கேவ் அவே’ என்பதற்கு உள்ள பொருள்களுள் ஒன்று காட்டிக்கொடுத்தான். ஆங்கிலேயன் வினைக்குப் பின்னே ஒரு சொல்லை வைத்து ஆக்கும் பொருளை, நாம் வினைக்கு முன்னே ஒரு வினையெச்சத்தை வைத்து ஆக்குகிறோம். ‘விட்டு’ என்பதன் பொருளையும் ‘கொடுத்தான்’ என்பதன் பொருளையும் தனித்தனியே அறிந்தவன், ‘விட்டுக்கொடுத்தான்’ என்பதன் பொருளை அவற்றிலிருந்து கூட்டிப் பெற இயலுமா? இயலாது. ஆயினும் தமிழ்க் குழந்தை எதுவும் அதற்கெனப் பட்டியல் வைத்துக்கொண்டு உருப்போடுவதில்லை.

துணைவினைகளிலும் இவ்வொப்புமை உண்டு. ‘எய்ட்’ என்றால் தின்றான். ‘எய்ட் அப்’ என்றால் மிச்சமின்றித் தின்றுவிட்டான். ‘டோர்’ என்றால் கிழித்தான். ‘டோர் அப்’ என்றால் கிழித்துப்போட்டான். ‘யூஸ்ட் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்தான். ‘அப்’ என்பதற்கு ‘மேலே’ என்று மட்டும் பொருள் கற்றவன் இவ்விடங்களில் திகைப்பான். விடு, போடு, தீர் ஆகிய துணைவினைகள் செயலின் முடிவைக் காட்டுவதுபோல இதுவும் காட்டுகிறது என்று சொல்லிக்கொடுத்தால் திகைப்பு நீங்கும்.

இனிக் காலம் காட்டும் இடத்தைக் காண்போம். ‘ஓடிவிட்டான்’ என்பதில் இறந்தகாலம் துணைவினையாகிய ‘விடு’ என்பதில் நிற்கிறது, ‘ஓடி’ மாறுவதில்லை. அதற்கு நேரான ‘ரேன் அவே’ என்பதிலோ ‘ரன்’ என்னும் தலைவினையே ‘ரேன்’ எனத் திரிந்து காலம் காட்டுகிறது, ‘அவே’ மாறுவதில்லை. தமிழில் காலம் தொடரின் கடைசியில். ஆங்கிலத்தில் தொடரின் முதலில். நம் பேச்சு வழக்கில் ‘பிக்கப் பண்ணினேன்’, ‘ஸ்விட்ச் ஆஃப் பண்ணிவிட்டேன்’ என்று வருவதன் காரணமும் இதுவே. ஆங்கில வினையையும் அதன் பின்சொல்லையும் ஒரு பெயர்ச்சொல்போல் கட்டி வைத்துவிட்டுக் காலத்தைப் ‘பண்ணு’ என்பதன் தலையில் ஏற்றுகிறோம். (புறநகரில் மனை வாங்குவோர் அனைவரும் அறிந்த ‘லே-அவுட்’ என்பதும் இப்படிப் பெயராகிப்போன ஒரு வினையும் பின்சொல்லுமே.)

வினையின் பின்வரும் சிறுசொற்கள் அனைத்தும் ஓரினத்தன அல்ல. சில வினையோடு ஒட்டியவை. சில அடுத்துவரும் பெயரோடு ஒட்டியவை. பின்னவற்றை நம் வேற்றுமை உருபுகளுக்கு நிகராகக் கொள்ளலாம். நம் பெருஞ்சாலையிலிருந்தே சான்று காட்டலாம். ஒருவர் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியோட்டி வந்து தாம்பரத்தில் திரும்பினார்: ‘டர்ன்ட் ஆஃப் தி ரோட்’. வீட்டை அடைந்து விளக்கை அணைத்தார்: ‘டர்ன்ட் ஆஃப் தி லைட்’. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் முதலாவதில் ‘ஆஃப்’ என்பது ‘சாலையிலிருந்து’ என்பதன் ‘இருந்து’, சாலைக்கு உரியது. இரண்டாவதில் அது வினைக்கு உரியது. பெயருக்குப் பதிலாக ‘இட்’ என்னும் சுட்டுப்பெயரை இட்டால் வேறுபாடு வெளிப்படும். விளக்கானால் ‘டர்ன்ட் இட் ஆஃப்’ என்று இடையில் புகும். சாலையானால் ‘டர்ன்ட் ஆஃப் இட்’ என்றே நிற்கும். ‘கேவ் அப் இட்’ என்று எழுதும் மாணவன் தவறுவதும் இங்கேதான். ‘கேவ் இட் அப்’ என்பதே முறை.

நம்மவர் மிகுதியாகப் பிழைபடுவது இவ்வுருபுப் பகுதியிலேயே. ‘டிஸ்கஸ்ட் அபவுட்’, ‘மாரீட் வித்’, ‘ரீச்ட் டூ’ ஆகியவற்றை விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். ‘அதைப் பற்றிப் பேசினார்கள்’, ‘அவளோடு திருமணம் நடந்தது’, ‘ஊருக்கு வந்து சேர்ந்தான்’ என்று தமிழில் எண்ணி, பற்றி, ஓடு, கு ஆகியவற்றை அப்படியே பெயர்த்து வைப்பதால் வரும் பிழைகள் இவை. தமிழில் எண்ணாதே என்று கடிந்துரைப்பதால் பயன் விளைவதில்லை. பொருத்தமான தமிழ் வினையைக் கொண்டு எண்ணச் செய்வதே பயன் தரும். சிக்கலை அலசினார்கள், அவளை மணந்தான், ஊரை அடைந்தான். மூன்றும் ‘ஐ’ உருபு ஏற்பன. ஆங்கிலத்திலும் இம்மூன்று வினைகளும் இடையீடின்றி நேரே செயப்படுபொருளை ஏற்கின்றன. ‘என்டர்ட் தி ரூம்’ என்பதில் ‘இன்டூ’ வேண்டாமையை விளக்க இக்காலத்து ‘நுழைந்தான்’ உதவாது. ‘மனை புக்கான்’ என்னும் பழவழக்கு உதவும். ஓர் உருபின் பொருளில் வேறோர் உருபு வருவதை ஆராயத் தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியல் எனத் தனி இயலே வகுத்துள்ளது. அதனைப் பயின்றவர் ஆங்கிலத்தின் இம்மயக்கங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அரபு பயில்வோர்க்கும் இது புதிதன்று. அரபு வினைகள் அகராதியில் இறந்தகால வடிவிலேயே தரப்படுகின்றன. ‘ரஃகிப’ என்னும் வினையுடன் ‘ஃபீ’ சேர்ந்தால் ‘விரும்பினான்’ என்று பொருள். ‘அன்’ சேர்ந்தால் ‘வெறுத்து விலகினான்’ என்று நேர் எதிர்ப்பொருள். ஓர் இடைச்சொல்லின் மாற்றத்தால் விருப்பு வெறுப்பாக மாறுவதை அறிந்த மாணவர், ‘கேவ் அப்’, ‘கேவ் இன்’ ஆகியவற்றின் வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

பிழையா, வழக்கா என்று துணிய இயலாதனவும் சில உள. ‘பாஸ்ட் அவுட்’ என்பது அவற்றுள் தலையாயது. கல்லூரிப் படிப்பை முடித்ததைக் குறிக்க நம்மவர் வேலைக்கான விண்ணப்பங்களில் இத்தொடரையே எழுதுகின்றனர். அயல்நாட்டார் பலருக்கு இதன் பொருள் ‘மயங்கி விழுந்தான்’ என்பதே. எனினும் இது நாம் வெறுமனே புனைந்துகொண்டதன்று. படைப்பயிற்சி முடித்து வெளியேறுவதற்குப் பிரித்தானிய ஆங்கிலத்தில் இத்தொடர் வழங்குகிறது. 1963இல் தொடங்கப்பெற்ற பரங்கிமலைப் படை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் நிறைவு அணிவகுப்பு இன்றும் இப்பெயராலேயே நடைபெறுகிறது. படைவீரர்க்குப் பொருந்துவது பட்டதாரிக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. அயல்நாட்டுக்கு விண்ணப்பிப்போர் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுதல் நலம்.

‘காட் டவுன்’ என்பது மற்றொன்று. ‘இறங்கு’ என்னும் நம் வினையில் கீழ்நோக்கிய இயக்கம் உள்ளது. ஆகவே ‘டவுன்’ என்கிறோம். ஆங்கிலேயர் வண்டியை விட்டு நீங்குவதையே எண்ணுவதால் தொடர்வண்டிக்கும் பேருந்துக்கும் ‘காட் ஆஃப்’ என்றும், காருக்குக் ‘காட் அவுட் ஆஃப்’ என்றும் வேறுபடுத்துவர். நமக்கு மூன்றும் இறக்கமே. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் வண்டி 1931இல் ஓடத் தொடங்கியது. அவ்வண்டியில் வருவோர் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் ‘காட் டவுன் அட் தாம்பரம்’ என்றே சொல்லக் கேட்கிறோம். இந்நாட்டில் இதனைப் புரிந்துகொள்ளாதார் இலர். ஆதலின் பேச்சில் இதனைத் திருத்த நாம் முனைவதில்லை; அயல்நாட்டார் படிக்கும் எழுத்தில் மட்டும் ‘காட் ஆஃப்’ என மாற்றச் சொல்கிறோம்.