சோற்றைக் கடைசியில் வையுங்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளில் பதினொன்றரை மணிக்கே பார்சல் கட்டத் தொடங்கிவிடுவார்கள். கட்டுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். தாளை விரித்து, அதன்மேல் லஞ்ச் சீட்டைப் போடுகிறார். ஒரு பெரிய கோப்பை நிறையச் சோற்றை அள்ளிக் கவிழ்க்கிறார். கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் ஒரு குழி. பருப்பு அந்தக் குழிக்குள் போகிறது. ஓரத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி ஒரு கரண்டி, கீரை வறை இரண்டு விரலால் கிள்ளிய அளவு, மீன் ஒரு துண்டு, மேலே அப்பளமும் பொரித்த மிளகாயும். மடித்து றப்பர் போட்டால் முடிந்தது.

"அண்ணை, சோறு கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்று கேட்டுப் பார்க்கலாம். "விலை அதுதான் தம்பி" என்று சிரித்துக்கொண்டே அதே கோப்பையைக் கவிழ்ப்பார். அவரில் பிழை சொல்ல முடியாது. பார்சலுக்குள் இருப்பவற்றில் மலிவானது சோறு. பார்சல் பாரமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நாங்கள்தான். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த 2017ஆம் ஆண்டிலேயே, செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது. உக்கும் சீட்டுத்தான் என்றார்கள். உள்ளே இருந்த சோற்றின் அளவை எந்த வர்த்தமானியும் தொடவில்லை.

வீட்டிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்களும் பெரும்பாலும் இதே ஒழுங்கில்தான் கட்டுகிறார்கள். முதலில் சோறு, மிஞ்சின இடத்தில் கறி. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சோற்றின் அளவைப் பற்றிக் கவலைப்படக் காரணம் நீரிழிவு. இலங்கையில் அதைப் பற்றி முதன்முதல் பெரிய அளவில் நடந்த ஆய்வு 2005, 2006 காலப்பகுதியைச் சேர்ந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு என்று அது சொன்னது. ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே அது நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. வன்னி அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. பின்னர் 2018, 2019 இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வில் அந்த வீதம் 23 ஆகியது. வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல். நாட்டின் வளர்ந்தவர்கள் பெறும் சக்தியில் 70 வீதத்துக்கு மேல் மாப்பொருளிலிருந்து வருகிறது என்பதும், நாளொன்றுக்கு ஐந்து பங்கு மரக்கறியும் பழமும் சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை என்பதும் வேறு ஆய்வுகளில் தெரியவந்தவை.

சோறு புதிதல்ல, உழைப்புத்தான் மாறிவிட்டது. அரிவாளோடு நாள் முழுக்க வயலில் குனிந்து நின்ற உடம்புக்கு அந்தக் கோப்பை சரியாக இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வரம்பில் வந்து நிற்கிறது. வயல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவருடைய மகள் ஆடைத் தொழிற்சாலையிலோ கச்சேரியிலோ எட்டு மணித்தியாலம் இருந்தபடி வேலை செய்கிறாள். கோப்பை மட்டும் அப்படியே இருக்கிறது.

அளவு கண்ணுக்கு முன்னால் கூடினால் வயிறு அதைக் கண்டுபிடிக்கும் என்று நினைப்போம். கண்டுபிடிப்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாட்களில் 500 கிராம் முதல் 1000 கிராம் வரை மக்ரோனி பரிமாறினார்கள். 1000 கிராம் வைத்த நாளில், 500 கிராம் வைத்த நாளைவிட 30 வீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பரிமாறிய அளவு மாறியதைக் கவனித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. வைத்ததைச் சாப்பிடுவது மனித இயல்பு. பார்சல் எவ்வளவோ, பசியும் அவ்வளவு.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லவேண்டும். 'சின்னக் கோப்பையில் சாப்பிட்டால் மெலியலாம்' என்று உலகம் முழுக்கப் பரப்பியவர் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் பல பின்னர் திரும்பப் பெறப்பட்டன. 2018 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகைக் குழுமம் ஒரே தடவையில் ஆறைத் திரும்பப் பெற்றது. எனவே பாத்திரத்தின் அளவு கண்ணை ஏமாற்றும் என்ற கதையை நான் இங்கே நம்பவில்லை. பெட்டி பயன்படுவதற்குக் காரணம் அதைவிட எளிமையானது. அதற்கு மூடி இருக்கிறது. மூடிக்கு மேலே எதையும் அள்ளி வைக்க முடியாது.

பெட்டிச் சாப்பாட்டை ஒரு கலையாக வளர்த்தவர்கள் ஜப்பானியர். அவர்களுடைய பென்டோ என்றவுடன் பூனைமுகத்தில் வெட்டிய கரட்டும் பூவாக விரித்த முட்டையும் நினைவுக்கு வரும். அதையெல்லாம் விட்டுவிடலாம், காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்கிற எந்த அம்மாவுக்கும் அது சரிவராது. எடுத்துக்கொள்ளவேண்டியது அடாச்சி மியுகி என்ற ஜப்பானியப் போசாக்கு அறிஞர் வகுத்த கணக்கு ஒன்று. உங்களுக்கு ஒரு வேளைக்கு 700 கலோரி போதுமென்றால் 700 மில்லிலீற்றர் கொள்ளும் பெட்டியை எடுங்கள். அதில் சோறு மூன்று பங்கு, மீன், முட்டை, இறைச்சி போன்றவை ஒரு பங்கு, மரக்கறி இரண்டு பங்கு. குலுக்கினால் அசையாத அளவுக்கு நெருக்கி அடையுங்கள். எண்ணெய் கூடிய சமையல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இப்படிக் கட்டினால் பெட்டியின் மில்லிலீற்றரும் உள்ளே இருக்கும் கலோரியும் ஏறத்தாழ ஒன்றாக வரும். தராசும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம்.

வன்னிக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. எங்கள் கறியில் தேங்காய்ப்பால் இருக்கிறது. முதற்பாலில் மூன்று மரக்கறி சமைத்தால் அடாச்சியின் கணக்கு உடைந்துபோகும். ஆகவே 'எண்ணெய்ச் சமையல் ஒன்று' என்ற விதியை 'பால்கறி அல்லது பொரியல், இரண்டில் ஒன்று' என்று எழுதிக்கொள்ளலாம். மற்றது வறை, கீரைக் கடையல், பச்சையாக அரிந்த வெள்ளரிக்காய், தக்காளி. இன்னொன்று, உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிப் பங்கில் சேர்க்கக்கூடாது. அது சோற்றுக்குத் துணையாக வந்த இன்னொரு சோறு. பருப்பில் புரதமும் இருக்கிறது, மாப்பொருளும் இருக்கிறது. மீனோ முட்டையோ இல்லாத நாளில் அதைப் புரதப் பங்காக வைக்கலாம், ஆனால் தண்ணீராக ஓடாமல் கட்டியாக இருக்கவேண்டும்.

சோறு பாதி என்பது வயலில் வேலை செய்கிறவருக்குப் பொருந்தும். அவருக்குப் பெட்டியும் பெரிதாகவே இருக்கலாம். நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறவர் அதே பெட்டியில் சோற்றையும் மரக்கறியையும் இடம் மாற்றிக்கொள்வது நல்லது: மரக்கறி மூன்று, சோறு இரண்டு. ஒரு கோப்பைச் சோறு ஏறத்தாழ 200 கலோரி. வாங்கிய பார்சலை ஒருநாள் வீட்டில் பிரித்து, சோற்றை மட்டும் தேநீர்க் கோப்பையால் அளந்து பாருங்கள். மூன்று கோப்பை வந்தால், கறியைத் தொடுவதற்கு முன்னரே 600 கலோரி.

சோறு இளகி எந்த மூலையையும் நிரப்பும். மீன் துண்டு நிரப்பாது. எனவே பெட்டிக்குள் மீனையும் மரக்கறியையும் முதலில் வைத்துவிட்டு, மிஞ்சின இடத்துக்குச் சோற்றைப் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் அளவு தானாகக் குறையும். சொதியும் குழம்பும் ஊற்றுகிற எங்களுக்குத் தட்டையான பிளாஸ்ரிக் பென்டோப் பெட்டி ஒழுகும். பழைய எவர்சில்வர் அடுக்குக் கரியரே இந்த வேலைக்குத் திறம். அடுக்கு அடுக்காகப் பிரித்து வைக்கும் யோசனை எங்கள் வீட்டுப் பரணில் ஏற்கெனவே கிடக்கிறது.

உள்ளே வைக்கும் சாமானுக்கும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாவற்றிலும் திலாப்பியா பிடிபடுகிறது. 1952 இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட ஆபிரிக்க மீன் அது. முல்லைத்தீவுக் கரையின் நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி வேலியோரத்திலேயே வளர்கின்றன. பயறு, கௌபி, கச்சான் வன்னி மண்ணின் பயிர்கள். அரிசியில் மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசி தவிடு நீங்காமல் கிடைத்தால் நார்ப்பொருள் கூடும். ஆனால் சிவப்பு என்பதற்காக ஒரு கோப்பை கூடப் போடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிரித்து வைத்தால் இன்னொரு வசதி, எதை முதலில் சாப்பிடுவது என்று தீர்மானிக்கலாம். நியூயோர்க்கின் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015 இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், நீரிழிவு உள்ள 11 பேர் ஒரே உணவை இரண்டு ஒழுங்கில் சாப்பிட்டார்கள். மரக்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்டு, கால் மணித்தியாலம் கழித்துப் பாணைச் சாப்பிட்ட நாளில், ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னான இரத்தச் சீனி 37 வீதம் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சிறிய தொகைதான். என்றாலும் ஜப்பானிலும் இதே போக்கில் முடிவுகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் குழைத்துச் சாப்பிடுகிற எங்களுக்கு இது லேசில் வராது. வறையையும் பாதி மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு குழைத்தால் சண்டையில்லை.

ஆறிய சோறு பற்றியும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் நாட்டவரின் கை இருக்கிறது. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதேர் ஜேம்ஸும் அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும் 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் ஒரு முறையை முன்வைத்தார்கள். அரிசி கொதிக்கும் தண்ணீரில், அரிசியின் நிறையில் 3 வீதமளவு தேங்காயெண்ணெய். வெந்த சோற்றைப் பிரிட்ஜில் 12 மணித்தியாலம் குளிரவிடுவது. குளிரும்போது மாப்பொருளின் ஒரு பகுதி, குடலில் இலகுவாகச் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. சூடாக்கினாலும் அது முழுமையாகத் திரும்புவதில்லை. கலோரி பாதியாகக் குறையும் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் அப்போது அளந்தது 10 முதல் 12 வீதம் வரைதான். பாதி என்பது நல்ல அரிசி இனம் அமைந்தால் வரலாம் என்ற எதிர்பார்ப்பு.

இதைப் படித்துவிட்டு இரவுச் சோற்றை அடுப்படியில் வைத்துக் காலையில் கட்டிக்கொடுத்துவிடாதீர்கள். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியாவின் வித்திகள் கொதியிலும் சாகாமல் தப்பும். சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கிளிநொச்சி வெயிலில், காலை ஐந்தரைக்குச் சுடச்சுட மூடிய பெட்டி பகல் ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது என்றால் அது பக்ரீரியாவுக்கு நல்ல நேரம். சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஆவி போனபின் மூடவேண்டும். மூடியில் தண்ணீர் முத்துமுத்தாக நின்றால் சூடு போகவில்லை என்று அர்த்தம். வெக்கை நாட்களில் தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் முதலில் கெடும். புளிக்குழம்பும் எலுமிச்சம்புளி விட்ட சம்பலும் தாக்குப்பிடிக்கும். யாத்திரைக்குப் போன முன்னோர் கட்டுச்சோற்றுக்குப் புளியைத் தேர்ந்ததன் காரணமும், தண்ணீரூற்றிய பழஞ்சோறு புளித்துத் தப்புவதன் காரணமும் இதுதான். அமிலம் அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது.

வன்னியில் 'அளவாகச் சாப்பிடு' என்று சொல்வது லேசான காரியமல்ல. உப்பும் அரிசியும் தண்ணீருமான முள்ளிவாய்க்கால் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிக் குடித்து, 2009 இறுதி யுத்தத்தின் பட்டினியை நினைவுகூரும் மண் இது. பிள்ளையின் தட்டில் இன்னொரு அகப்பை போடும் கை ஏன் அப்படிச் செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே பசி இன்னொரு வழியிலும் பின்தொடரும். 1944, 1945 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது தாயின் வயிற்றில் இருந்தவர்களை, அவர்களுக்கு ஐம்பது வயதான காலத்தில் பரிசோதித்தார்கள். சீனியைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. வயிற்றில் பட்டினி பார்த்த உடம்பு, பின்னாளில் தாராளமாகக் கிடைக்கும் சோற்றுக்குத் தயாராக இருப்பதில்லை. வன்னியில் 2009ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் இப்போது இளைஞர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டியில் மரக்கறிக்கு இடம் விடுவது இப்போதே தொடங்கவேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் கதை வேறு. 2016ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 20.5 வீதமானோர் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள். மெலிந்த பிள்ளைக்கு அளவுக் கட்டுப்பாடு கூடாது. அவர்களுடைய பெட்டி சின்னது, ஆகவே உள்ளே போவது கனமானதாக இருக்கட்டும்: முட்டை, கச்சான், எள்ளுருண்டை, நெய்யோ நல்லெண்ணெயோ விட்ட பயற்றஞ்சோறு. இடைவேளைக்குப் பணிஸ் வாங்கக் காசு கொடுப்பதைவிட இதற்குச் செலவும் குறைவு.

நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால், மருந்தின் அளவு மாறாத நிலையில் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக் நாளில் பெட்டியையே கொண்டுபோய்க் காட்டி, "டொக்டர், இனி இவ்வளவுதான் சாப்பிடப் போறன்" என்று சொல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் பார்த்துக்கொள்வார். முப்பத்தைந்தைத் தாண்டியும் ஒருமுறைகூடச் சீனி பார்க்காதவர்களுக்கு, அரச வைத்தியசாலையில் அந்தப் பரிசோதனை இலவசம்.