தெளிந்த நீரும் நல்ல நீரும்

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டுக் கொல்லையில் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் மூன்றரை அடி ஆழமும் உள்ள ஒரு சிறு குளம் கட்டினேன். ஏறத்தாழ 6,000 லிட்டர் நீர் கொள்ளும். அதில் ஆறு கோய் மீன்களை விட்டேன். ஜப்பானில் நீகாட்டா மலைப்பகுதி உழவர்கள் உணவுக்காக வளர்த்த கெண்டையிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் நிறம் தேர்ந்து பெருக்கிய இனம் இது.

ஓராண்டு மீன்கள் நலமாக இருந்தன. ஒரு சித்திரை மாதத்தில், வடிகட்டித் தொட்டியின் கூழாங்கற்களில் பழுப்பு நிறமான வழுவழுப்புப் படிந்திருக்கக் கண்டேன். மாணவர்க்கு வாழ்நாளெல்லாம் தூய்மையைப் போதித்தவன் அதைப் பொறுப்பேனா? கற்களைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் அடுக்கினேன். குளத்து நீர் பளிங்குபோல் விளங்கிற்று. நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. ஒரு வாரத்திற்குள் நான்கு மடிந்தன. "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, தாத்தா?" என்றாள் என் பேத்தி. என்னால் விடை கூற இயலவில்லை.

பின்னர்க் கற்றறிந்தது இது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக நீரில் விடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே, மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாதவாறு தடுத்துவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். அவ்வுயிர்களின் குடியிருப்பே, நான் தேய்த்தெறிந்த வழுவழுப்பு! குழாய் நீரின் குளோரினும் வெயிலும் அவற்றை அழித்தன. மீண்டும் அவை பெருகிட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஆதலின் வடிகட்டியைக் குளத்து நீரிலேயே மெல்ல அலசுதல் வேண்டும். அதுவும் ஒரு பகுதியை மட்டும். புதிய குளத்தில் ஓரிரு மீன்களையே முதலில் விட வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. குழாய் நீராயின் குளோரின் நீக்கும் மருந்திட்ட பின்னரே விடுக.

கோடையில் விழிப்பு மிகுதியாக வேண்டும். 10 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையிலோ ஏழரையே கரையும். பாசி மிகுந்த குளத்தில் இரவெல்லாம் பாசியும் பிராணவாயுவை உட்கொள்ளுதலால், விடியற்காலமே மீனுக்கு இடர்மிக்க வேளை. நிழலும், இரவும் பகலும் நீரைக் கலக்கி வீழ்த்தும் ஒரு சிறு பம்பும் இன்றியமையாதன.

உணவு கொடுப்பதில் அன்பைச் சற்று அடக்குக. கெண்டைக்கு இரைப்பை இல்லை. சிறிது சிறிதாகவே உண்ணும். ஐந்து நிமிடத்தில் தின்று தீராதது அழுகி, அம்மோனியாவாகும். கோய் இரண்டடிக்கு மேலும் வளரக்கூடியது. என் குளத்திற்கு ஐந்து மீன்களே மிகுதி. நெரிசலான வகுப்பில் பாடம் நடவாது என்பதை அறிந்த நான் இதனை முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

எஞ்சிய இரண்டு மீன்களும் இன்று நலமே. கூழாங்கற்களில் பழுப்புப் படலம் மீண்டும் படிந்திருக்கிறது. அதனைப் பேத்திக்குக் காட்டி, "அம்மா, தண்ணீர் தெளிவாக இருந்தது; நன்றாக இல்லை" என்று, பிந்தியேனும், விடை கூறினேன்.